பழைய வேகப் படகைப் புதுப்பித்து வேறு எஞ்சின் பொருத்தும் முறை

பழைய வேகப் படகு ஒன்றை வாங்கியவர் பெரும்பாலும் அடுத்த வாரமே எஞ்சின் தேடக் கிளம்பிவிடுகிறார். எஞ்சின் வந்து சேர்கிறது. அதைப் பொருத்துவதற்காகப் பின்சுவரில் பழைய போல்ட் ஒன்றைக் கழற்றும்போது ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிகிறது. உள்ளே பலகை உளுத்துப்போயிருப்பது அப்போதுதான் தெரிகிறது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மூலையில் கிடக்கும் புது எஞ்சினின் உத்தரவாதக் காலம் கரைந்துவிடுகிறது. எஞ்சினை முதலில் வாங்குவதுதான் இந்த வேலையில் நேரும் மிகச் செலவான பிழை என்பது என் கருத்து. படகின் உடல் எவ்வளவு எடையை, எந்த இடத்தில், எவ்வளவு விசையோடு தாங்கும் என்று தெரிந்த பிறகே எஞ்சினைப் பற்றிப் பேச முடியும். ஆகவே உடலில் தொடங்கி, எஞ்சினுக்கு வந்து, தண்ணீரில் செய்யும் சோதனையில் முடிக்கும் வரிசையையே இங்கே பின்பற்றுகிறேன்.

இந்தப் படகுகளின் உடல் எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்திருப்பது நல்லது. 1960-ஆம் ஆண்டு மயாமி–நசாவ் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம் கொண்ட ‘மாப்பி’ என்ற படகு கொந்தளிப்பான கடலில் வென்றது. தட்டையான அடிப்பாகம் அலையில் மோதி அறைந்துகொண்டிருந்த இடத்தில், பின்முனை வரை ஏறத்தாழ 24 பாகைச் சாய்வைக் கைவிடாத இந்த அடிப்பாகம் அலையைப் பிளந்து சென்றது. அந்த வடிவத்தைப் பின்பற்றி பெர்ட்ராம் நிறுவனமும், ஃபார்முலா, டோன்சி, மேக்னம் என அடுத்தடுத்து நிறுவனங்களைத் தொடங்கிய டான் அரோனோவும் 1960-களில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டினார்கள். அதே காலத்தில் 1959-இல் வால்வோ பென்டாவின் அக்வாமேட்டிக்கும், 1961-இல் மெர்க்குரூசரும் வந்ததால், எஞ்சின் உள்ளேயும் இயக்கப்பகுதி வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பு இவ்வகைச் சிறு படகுகளில் பரவலாயிற்று. அந்தக் காலத்துப் படகுகளில் பலவற்றின் அடித்தோல் கெட்டியான கண்ணாடியிழை. அது இன்றும் திடமாகவே இருக்கக்கூடும். கெட்டுப்போவது அதற்குள் மறைந்திருக்கும் பிளைவுட். டிரான்சம் எனப்படும் பின்சுவரும், ஸ்டிரிங்கர் எனப்படும் நீளவாட்டு உத்தரங்களும், தளமும் பெரும்பாலும் மரத்தின் மேல் கண்ணாடியிழை போர்த்திச் செய்யப்பட்டவை. ஒட்டுப்பசை தடவாமல் முடுக்கிய ஒரு சிறு திருகாணி போதும், இருபது ஆண்டுகளில் முழுப் பின்சுவரையும் நனைத்துவிட.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் டிரான்சமை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். மரம் பிரிந்தோ இற்றோ போன இடம் மொத்தையாக, ஈரத்துணியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். ஈரமானி உதவும், ஆனால் அதன் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஏனெனில் உள்ளே ஓடும் உலோகமும், மேலே உள்ள சில வகைப் பெயின்டும்கூட அதை ஏமாற்றும். உண்மையைச் சொல்லும் கருவி துளையிடும் கருவிதான். உரிமையாளரின் அனுமதியோடு, டிரான்சமின் உட்புறத்தில், தண்ணீர் தேங்கும் கீழ்ப்பகுதிக்கு அருகிலும் டிரைவ் பொருத்தப்பட்டுள்ள திறப்பைச் சுற்றியும், வெளித்தோலைத் துளைக்காத ஆழத்துக்கு 6 மி.மீ. துளைகள் இட்டு, வரும் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த வெளிர்ந்த தூள் நல்லது. கறுத்துக் களிபோல வருவது மாற்ற வேண்டிய டிரான்சம். ஸ்டிரிங்கர்களில் எஞ்சின் தாங்கிகளின் திருகுகள் முறுக்கினால் பிடிக்காமல் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். சுற்றினால் வேறு சோதனையே வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் செய்யாத ஒரு சோதனையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். படகின் அடியில் படுத்து, ஏரா எனப்படும் நடுக்கோட்டுக்கு இணையாக, டிரான்சமிலிருந்து முன்னோக்கிய கடைசி ஒன்றரை மீட்டருக்கு ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். வேகப் படகு ஓடும்போது அதன் எடையைத் தாங்குவது இந்தப் பகுதிதான். இது நேராக இருக்க வேண்டும். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் படகு அணியத்தை, அதாவது முன்முனையைத் தாழ்த்தி ஓடி வேகத்தை இழக்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் வேகம் ஏறியதும் துள்ளத் தொடங்கும். பல ஆண்டுகள் தவறான டிரெய்லரில், பின்புறத்துக்குத் தாங்கலில்லாமல் நின்ற படகுகளில் இந்த வளைவு சகஜம். சில மில்லிமீட்டர் வளைவைப் பட்டி பார்த்தும் தேய்த்தும் நேராக்கலாம். விரற்கடை அளவுக்கு வளைந்த உடலை, அதன் பெயருக்காகவோ அழகுக்காகவோ வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெல்கோட் எனப்படும் பளபளப்பான வெளிப்பூச்சில் தெரியும் சிலந்திவலை விரிசல்கள் பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்பவை. ஆனால் ஒரே புள்ளியிலிருந்து கதிர்கதிராகவோ, ஸ்டிரிங்கர் ஓடும் கோட்டிலேயே நீளமாகவோ ஓடும் விரிசல், உள்ளே ஒன்று பிரிந்து தோல் அசைகிறது என்று சொல்கிறது. கடைசியாக, 1972 நவம்பருக்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகளில் டிரான்சமின் வலப்புற மேல்பகுதியில் 12 எழுத்துருக்கள் கொண்ட அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும் ஆவணத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிற்பாடு டிரான்சமைத் தேய்க்கும்போது அந்த இடத்தை நாடா ஒட்டிக் காத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக்கொடுத்தல்

உள்ளே எதையும் வெட்டுவதற்கு முன் உடலை அசையாமல் நிறுத்த வேண்டும். ஸ்டிரிங்கரும் தளமும் இல்லாத கண்ணாடியிழை உடல் ஒரு பெரிய வாளியைப் போல நெளியும். நெளிந்த நிலையிலேயே புதிய ஸ்டிரிங்கரை ஒட்டிவிட்டால் அந்த நெளிவு நிரந்தரமாகிவிடும். உடலின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய குறைந்தது நான்கு மரத்தாங்கிகளின் மேல் படகை அமர்த்தி, கடைசித் தாங்கி டிரான்சமின் நேர் கீழே வருமாறு வையுங்கள். ரசமட்டம் வைத்துக் குறுக்குவாட்டில் சமன் பார்த்து, அணியத்திலிருந்து டிரான்சமின் நடுவரை நூல் கட்டி, நூலிலிருந்து பல இடங்களில் ஆழத்தை அளந்து எழுதிவையுங்கள். வேலை நடக்கும் மாதங்களில் இந்த அளவுகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மேல்தளத்தைக் கழற்றாமலேயே வேலை செய்ய முடிந்தால் அப்படியே செய்யுங்கள். உடலின் வடிவத்தைப் பிடித்துவைப்பதில் அதற்கு இணை இல்லை.

டிரான்சம்

வெளிப்புறத் தோலை வெட்டி வெளியிலிருந்து மரத்தை மாற்றலாம். உட்புறத் தோலை வெட்டி உள்ளிருந்தும் மாற்றலாம். மேல்தளம் இருக்கும் படகில் வெளியிலிருந்து செய்வது எளிது. ஆனால் அதில் வெளித்தோற்றம் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். உடலோடு டிரான்சம் சேரும் விளிம்பின் வலிமையும் உங்கள் ஒட்டின் தரத்தைச் சார்ந்துவிடும். உட்புறமாகக் கைக்கு இடம் கிடைக்குமானால் அந்த வழியையே நான் தேர்வு செய்வேன். வெளித்தோல் தொடாமல் நிற்கும். அதுவே புதிய பலகைக்கு அச்சாகவும் இருக்கும்.

உட்தோலைக் கட்டம் கட்டமாக வெட்டி, இற்ற மரத்தை உளியாலும் சிறு ரம்பத்தாலும் எடுங்கள். இற்றுப்போன பகுதி கையோடு வந்துவிடும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் நல்ல மரம்தான் நேரத்தைத் தின்னும். அதை விட்டுவிடலாம் என்ற ஆசை வரும். நல்லதாகத் தெரிகிற ஓரத்திலும் பூஞ்சை வேர் விட்டிருக்கும் என்பதால், வெளித்தோலின் உட்பக்கம் முழுவதும் கண்ணாடியிழை தெரியும் வரை தேய்த்து எடுக்க வேண்டும். இந்தத் தூள் தோலையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். முழு உடையும், தூளையும் கரைப்பான் ஆவியையும் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகமூடியும், கையுறையும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட கிரைண்டரை எடுக்க வேண்டாம்.

கண்ணாடியிழையை ஊறவைத்து இறுகச் செய்யும் பசையான ரெசின் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. பாலியெஸ்டர், எப்பாக்சி என இங்கே இரு வகைகள். பழைய பாலியெஸ்டர் உடலின் மேல் எப்பாக்சி நன்றாக ஒட்டும். காய்ந்த பாலியெஸ்டரின் மேல் புதிய பாலியெஸ்டர் அவ்வளவு உறுதியாக ஒட்டாது. பழுதுபார்ப்புக்கு எப்பாக்சியின் கூடுதல் விலை தகும் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஒருமுறை எப்பாக்சிக்குப் போய்விட்டால் திரும்பி வருவது கடினம்: காய்ந்த எப்பாக்சியின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. எனவே எப்பாக்சியில் முடித்த இடத்துக்கு மேற்பூச்சாகப் பெயின்ட் அடிக்கப்போகிறோம் என்பதை அப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். சில எப்பாக்சிகள் காயும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் படியும். அடுத்த அடுக்கை இடுவதற்கு முன் அதைச் சுத்தமான தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும். வரிசையை மாற்றி முதலில் தேய்த்தால் படலத்தை உள்ளேயே தேய்த்துவிடுவீர்கள்.

புதிய உட்பொருளாகக் கடல்தரப் பிளைவுட்டைப் பயன்படுத்தலாம். அல்லது கண்ணாடியிழை கலந்த அடர்த்தியான பாலியூரிதேன் பலகையைப் பயன்படுத்தலாம். பின்னது இற்றுப்போகாது, எடையும் குறைவு, விலை பல மடங்கு. எதுவானாலும் கணக்கு தடிமனில் இருக்கிறது. மெர்க்குரூசர் டிரைவ் பொருந்தும் இடத்தில் டிரான்சம் 51 முதல் 57 மி.மீ. வரை இருக்க வேண்டும்; உள், வெளி முகங்கள் இணையாக இருப்பதில் 3 மி.மீ.-க்கு மேல் வேறுபாடு கூடாது. 6 மி.மீ. வெளித்தோல், 19 மி.மீ. பலகை இரண்டு, 7 மி.மீ. உட்தோல் என்று வைத்தால் 51 வருகிறது. இடையில் இடும் கெட்டிப்பசைப் படுகைகள் சேர்ந்து 53, 54-இல் நிற்கும். இந்தக் கூட்டலைப் பலகை வாங்குவதற்கு முன்பே தாளில் போட்டுவிடுங்கள்.

அட்டையில் மாதிரி வெட்டி, பலகையை அதன்படி அறுத்து, எல்லா முகங்களிலும் வெட்டுவிளிம்புகளிலும் எப்பாக்சியை ஊறவிடுங்கள். பிறகு வெளித்தோலின் உட்பக்கம் முழுவதும் கெட்டியாக்கிய எப்பாக்சியைப் பல்லுள்ள கரண்டியால் சீராகப் பரப்பி, பலகையை அழுத்திப் பிடித்து இறுக்க வேண்டும். வெளித்தோலுக்கு வெளியே நேரான உத்தரங்கள் வைத்து, டிரைவ் திறப்பு வழியாகவும் பழைய ஓட்டைகள் வழியாகவும் நீண்ட போல்ட்களைப் போட்டு இழுத்தால் தோலும் பலகையும் தட்டையாக அமரும். பலகையில் முன்கூட்டியே இட்ட சிறு துளைகள் வழியாகப் பசை பிதுங்கி வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில் காற்று சிக்கியிருக்கிறது. எப்பாக்சியோடு கலக்கும் கெட்டிப்பான்களில் வேகமாகக் காயும் வகையை இந்தக் கட்டத்தில் பயன்படுத்துவது தற்கொலைக்குச் சமம். வாளியில் பசை புகைந்துகொண்டிருக்கும்போது பலகை பாதி ஒட்டியிருக்கும்.

காய்ந்த பின், டிரான்சம் உடலின் பக்கங்களோடும் அடியோடும் சேரும் மூலைகளில் கெட்டிப்பசையால் அரைவட்டக் குழிவாக நிரப்புங்கள். செங்கோண மூலையில் கண்ணாடியிழை மடங்கி ஒட்டாது. அதன் மேல் 45 பாகையில் இழைகள் குறுக்கிடும் தைத்த கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடச் சற்று நீளமாக, பக்கங்களில் குறைந்தது 15 செ.மீ. ஏறுமாறு இடுங்கள். தோலில் வெட்டுப்பட்ட இடத்தை இணைக்கும்போது தடிமனின் 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து இணைக்க வேண்டும்: 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. சாய்வு. நேருக்கு நேர் முட்டவைத்து மேலே ஒரு துணி ஒட்டுவது பார்வைக்கு இணைப்பு. விசை வரும்போது அது விரிசல்.

இதோடு ஒரு பழக்கத்தைக் கடைப்பிடித்தால் இந்த வேலை இரண்டாம் முறை வராது. மரத்துக்குள் போகும் எந்த ஓட்டையையும் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது திருகாணி எப்பாக்சிக்குள் நிற்கும். பசை வயதாகிக் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

ஸ்டிரிங்கர்களும் எரிபொருள் தொட்டியும்

ஸ்டிரிங்கர்களை ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் என்று மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. பழையதன் உயரம், சாய்வு, எஞ்சின் தாங்கி அமரும் இடம் ஆகியவற்றைப் படம் வரைந்து, நூலிலிருந்து அளந்து வைத்துக்கொண்ட பிறகே வெட்டுங்கள். ஸ்டிரிங்கரின் பெரும்பகுதியில் உள்ளே இருப்பது வெறும் அச்சுதான், விசையைத் தாங்குவது மேலே போர்த்திய கண்ணாடியிழை. ஆகவே நுரைப்பலகை போதும். எஞ்சின் தாங்கி அமரும் இடத்தில் மட்டும் நசுங்காத, திருகைப் பிடிக்கும் கெட்டிப்பொருள் வேண்டும். குறுக்குச் சுவர்களின் விளிம்பு அடித்தோலை நேரடியாகத் தொடாமல் இடையில் ஒரு நுரைப்பட்டை வையுங்கள்; இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் தோல் முறியத் தொடங்கும். தளத்தின் கீழே ஊற்றப்பட்டிருக்கும் பழைய நுரை தண்ணீரில் ஊறிக் கனத்திருந்தால் முழுவதையும் தோண்டி எடுங்கள்.

எரிபொருள் தொட்டியைப் பொறுத்தவரை எனக்கு இரக்கம் கிடையாது. நுரைக்குள் புதைக்கப்பட்ட பழைய அலுமினியத் தொட்டி, ஈரம் தங்கிய இடத்தில் வெளியிலிருந்து அரித்திருக்கும். பழைய கண்ணாடியிழைத் தொட்டியில் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால் ரெசின் கரைந்து எஞ்சின் வால்வுகளில் பிசினாகப் படியும். புதிய தொட்டியைத் தளத்தை மூடுவதற்கு முன் வாங்கி, 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றடைத்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிப் பாருங்கள். தொட்டியைச் சுற்றிக் காற்று ஓடவும் தண்ணீர் வடியவும் வழி இருக்க வேண்டும். குழாய்கள் கடல் பயன்பாட்டுக்கான தீத்தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கார் குழாய் கூடாது.

எவ்வளவு சக்தி, எந்த எஞ்சின்

இப்போதுதான் எஞ்சினுக்கு வருகிறோம். நீரின் மேல் வழுக்கி ஓடும் படகின் வேகத்தை மதிப்பிட கிரவுச் சூத்திரம் என்று ஒன்று உண்டு: படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் ஒரு மாறிலியை வகுத்தால் மணிக்கு மைல் கணக்கில் வேகம் கிடைக்கும். சாதாரணப் படகுக்கு அந்த மாறிலி 150, வேகப் படகுக்கு 190 என்று கொள்வார்கள். ஆட்களோடும் எரிபொருளோடும் 2,000 கிலோ, அதாவது ஏறத்தாழ 4,400 பவுண்டு எடையுள்ள படகில் 300 குதிரைத்திறன் இருந்தால் மணிக்கு 80 கி.மீ. அளவில் வரும். 400-ஆக உயர்த்தினால் 92. நூறு குதிரைகளுக்கான விலை, கூடுதல் எரிபொருள், டிரைவின் மேல் ஏறும் சுமை எல்லாம் சேர்ந்து வாங்கித் தருவது 12 கி.மீ. மாறாக, ஊறிய நுரையையும் மரத்தையும் எடுத்து 200 கிலோ குறைத்தால், அதே 300 குதிரைத்திறனில் 84 கி.மீ. வரும். மேலே சொன்ன அழுக்கு வேலையில் பாதி வேகத்துக்கான வேலைதான்.

டிரைவின் தாங்குதிறனும் எல்லை போடுகிறது. மெர்க்குரூசரின் ஆல்ஃபா டிரைவ் சுமார் 300 குதிரைத்திறன் வரைக்குமானது; அதற்கு மேல் பிராவோ வகை வேண்டும். அலையில் படகு எகிறி, புரொப்பெல்லர் காற்றில் சுழன்று, மறுபடி தண்ணீரைக் கவ்வும் கணத்தில்தான் பற்சக்கரங்கள் உடைகின்றன. ஆகவே படகை எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஸ்டெர்ன்டிரைவை எடுத்துவிட்டு, டிரான்சமின் பின்னால் தாங்கி பொருத்தி, முழு எஞ்சினும் படகுக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு மாட்டுவது இப்போது பரவலாக நடக்கிறது. எடைக் கணக்கில் அது கவர்ச்சியானது: 5.7 லிட்டர் வி8 ஸ்டெர்ன்டிரைவ் முழுத்தொகுதி 450 முதல் 500 கிலோ வரும்; 300 குதிரைத்திறன் கொண்ட இன்றைய அவுட்போர்டுகளில் பல 230 முதல் 275 கிலோவுக்குள் இருக்கின்றன. ஆனால் முன்பு டிரான்சமுக்கு உள்ளே இருந்த எடை இப்போது அதற்கு வெளியே தொங்குகிறது. நெம்புகோலின் நீளம் மாறிவிட்டதால், குறைந்த எடையும் படகின் பின்புறத்தைக் கூடுதலாக அமிழ்த்தக்கூடும். டிரான்சமை வளைக்கும் விசையும் வேறு வகையாகிறது. இதைக் கணக்கால் மட்டும் தீர்க்க வேண்டாம். எஞ்சின் இல்லாத படகை, டிரைவ் திறப்பை நன்றாக அடைத்து, அமைதியான தண்ணீரில் இறக்கி, எஞ்சின் வரப்போகும் இடத்தில் ஒரு உத்தரத்தைப் பிணைத்து அதே எடைக்கு மணல்மூட்டைகளை ஏற்றி, நீர்மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். வடிகால் துளைகள் அமிழ்ந்தால் அந்தத் திட்டத்தைக் கைவிடுவது நல்லது. அவுட்போர்டுக்குப் போவதாக முடிவானால், டிரான்சமின் உட்புறத்திலிருந்து ஸ்டிரிங்கர்களுக்கு முக்கோண முட்டுகள் கட்டாயம் தேவை.

கார் எஞ்சின் ஒன்றைக் கடலுக்குத் தயார்செய்து போட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கள், உருவம் ஒன்றாக இருந்தாலும் உறுப்புகள் வேறு என்பதை மறக்கக் கூடாது. கார்க்கூண்டில் கசியும் பெட்ரோல் ஆவி தரையில் கலைந்துவிடும். படகில் அது காற்றைவிடக் கனமாக இருப்பதால் பில்ஜ் எனப்படும் படகின் அடிக்குழியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் பொறி வெளியேறாதவாறு காப்பிட்ட கடல் வகையாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் எரிபொருள் வெளியே கொட்டாமல் அதன் தொண்டைக்குள்ளேயே போக வேண்டும். அதன் மேல் தீச்சுவாலைத் தடுப்பி வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டும் முக்கியம்: இரு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகமான பந்தய கேம்ஷாஃப்ட், நீர் கலந்த எக்சாஸ்டிலிருந்து தண்ணீரை சிலிண்டருக்குள் இழுத்துவிடும். பழைய எஞ்சினையே வைத்துக்கொள்வதானால் எல்லா சிலிண்டர்களிலும் அழுத்தம் பாருங்கள். ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் திறந்துதான் ஆக வேண்டும். உப்புநீரில் ஓடிய படகின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுகளையும் அதன் மேல் வளைவுக்குழாய்களையும் வயது தெரியாவிட்டால் சோதிக்கவே வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். அவை உள்ளே அரித்து ஓட்டையானால் தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் போகும்.

பொருத்துதல்

ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சினின் பின்தாங்கிகள் டிரான்சம் தகட்டோடு நிலையாக இருக்கும். முன்தாங்கிகளை ஏற்றி இறக்கித்தான் நேர்கோட்டைப் பிடிக்க வேண்டும். நேர்ப்படுத்தும் தண்டில் கிரீஸ் தடவி, டிரான்சம் தகட்டில் உள்ள கிம்பல் பேரிங் வழியாக, எஞ்சினின் பின்னால் உள்ள பல்லுள்ள இணைப்பான கப்ளருக்குள் செலுத்துங்கள். அது இரண்டு விரல் பலத்தில் உள்ளே போய் வர வேண்டும். வெளியே எடுத்துப் பார்த்தால் கிரீஸில் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் மறுபடி முன்தாங்கியைத் திருகுங்கள். இதற்கு ஒரு முழு மாலை செலவானாலும் கவலைப்பட வேண்டாம். நேராக இல்லாத எஞ்சின் கப்ளரின் பற்களைச் சில பத்து மணி நேரங்களில் தேய்த்துவிடும். டிரைவ் வெளியே இருக்கும்போதே பெல்லோஸ் எனப்படும் ரப்பர் உறைகள், கிம்பல் பேரிங், நீர்க்குழாய், நீர்ப்பம்பின் சக்கரமான இம்பெல்லர் அனைத்தையும் புதிதாக்குங்கள். கிழிந்த பெல்லோஸ் படகை மூழ்கடிக்கும்.

புதிய எஞ்சின் கனமானதாக இருந்தால் பின்புறம் சற்று அமிழும். அப்போது எக்சாஸ்ட் வளைவின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலான உயரம் குறையும். முழுச் சுமையோடு நிற்கும்போது அந்த உயரம் எஞ்சின் தயாரிப்பாளர் கேட்கும் அளவைவிடக் குறைந்தால், உயரம் கூட்டும் இடைத்துண்டு போட வேண்டும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துண்டுகளான ஆனோடுகளில், உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம்.

மின்சாரம், ஸ்டீயரிங், பெயின்ட்

பழைய கம்பிகளை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். முழுவதையும் உருவி எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பியால் புதிதாக இழுங்கள். பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில் முதல் 18 செ.மீ.-க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதும், முக்கியச் சாதனங்களுக்கு மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் நல்ல அளவுகோல்கள். பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளும் விசிறியான பில்ஜ் ப்ளோயரின் குழாய்வாய் எஞ்சினுக்குக் கீழே, ஆவி தேங்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் உடலோடு கோத்துக்கொள்ளும் அவசர நிறுத்தக் கயிறு இல்லாத வேகப் படகில் நான் ஏற மாட்டேன்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் ஆழ்ந்த ‘வி’ உடல் அதை மன்னிக்காது. மணிக்கு 80 கி.மீ.-க்கு மேல் போகும்போது இந்த உடல் நீரில் ஒரு மெல்லிய கீற்றின் மேல் நிற்கிறது. சிறிது சாய்ந்தால் ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் திருப்புகிறார், ஆட்டம் உள்ள ஸ்டீயரிங் தாமதமாகத் திரும்புகிறது, படகு மறுபக்கம் கூடுதலாகச் சாய்கிறது. இப்படி இடமும் வலமும் வளர்ந்துகொண்டே போகும் தள்ளாட்டத்துக்குப் பழைய ஒற்றைக் கேபிளே பெரும்பாலும் காரணம். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்கு மாறுங்கள்.

பெயின்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அதைக் கெடுப்பது அவசரம் ஒன்றே. இரு பகுதிப் பாலியூரிதேன் பெயின்டைத் தெளிக்கும்போது ஐசோசயனேட் ஆவி வெளிவரும். அதற்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடி வேண்டும், சாதாரண வடிகட்டியை நம்பக் கூடாது. டிரான்சமின் அடிவிளிம்பைப் பட்டி பார்த்து உருண்டையாக்கிவிடாதீர்கள். தண்ணீர் சுத்தமாகப் பிரிந்து போவதற்கு அது கூர்மையாகவே இருக்க வேண்டும்.

தண்ணீரில்

முதல்முறை இறக்கியதும் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ப்ளோயரை நான்கு நிமிடம் ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள். முதல் சில மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டி, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து பெல்லோஸ், எக்சாஸ்ட் இணைப்பு, எரிபொருள் இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள்.

பிறகு புரொப்பெல்லர். முழு விசையில் எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன சுற்றுவேக எல்லையின் மேல்பகுதிக்கு எஞ்சின் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அதிகம், தாண்டினால் குறைவு. ஓர் அங்குலப் பிட்ச் மாற்றம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாற்றும். ஸ்லிப்பை, அதாவது கோட்பாட்டு வேகத்தில் புரொப்பெல்லர் நழுவி இழக்கும் பங்கைக் கணக்கிட, எஞ்சின் சுற்றை டிரைவ் விகிதத்தால் வகுத்து, அங்குலப் பிட்சால் பெருக்கி, 1,056-ஆல் வகுத்தால் மணிக்கு மைல் கணக்கில் கோட்பாட்டு வேகம் வரும். 4,800 சுற்று, 1.5 விகிதம், 23 அங்குலப் பிட்ச் என்றால் 69.7 மைல். ஜி.பி.எஸ். 62.7 காட்டினால் ஸ்லிப் 10 சதவீதம். வேகப் படகுக்கு இது நல்ல எண். 20-ஐத் தாண்டினால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது டிரைவ் மிக உயரமாக அமர்ந்து காற்றை உறிஞ்சுகிறது. படகு துள்ளினால் முதலில் டிரிம்மை, அதாவது டிரைவின் சாய்வை, உள்ளே இழுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எடையை முன்னே நகர்த்துங்கள். அதற்கும் அடங்காத துள்ளல், நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்த அந்தக் கடைசி ஒன்றரை மீட்டரில் இருக்கிறது.

20 மணி நேரம் ஓடியதும் படகைக் கரையேற்றி, எஞ்சின் எண்ணெயையும் டிரைவ் எண்ணெயையும் மாற்றுங்கள். டிரைவ் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் சீல் கசிகிறது. தாங்கிகளும் புதிய ஸ்டிரிங்கர்களும் சற்று அமர்ந்திருக்கும் என்பதால் டிரைவைக் கழற்றி, அதே தண்டில் கிரீஸ் தடவி நேர்கோட்டை இன்னொரு முறை பாருங்கள். மேனிஃபோல்டு, டிரான்சம் போல்ட்களை டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு மறுபடி இறுக்குங்கள்.